புதைக்கச் சொன்ன தலையில்தான் எங்கள் விடை இருந்தது

வடமாகாணத்தில் கால்நடைகளின் சுகாதாரத்துக்கும் மனிதரின் சுகாதாரத்துக்கும் பொறுப்பாக இருக்கும் அதிகாரிகளுக்கு,

போன கிழமை எங்கள் ஊருக்கு இரண்டு கட்டை தள்ளி ஒரு வீட்டில் கறவைப் பசு ஒன்று செத்தது. வாயால் வீணீர் ஒழுகி, குரல் கம்மிப்போய்க் கத்திக் கத்தி, பின்னங்கால் இழுபட்டு விழுந்து செத்தது. அந்த வீட்டுக்காரர் உங்கள் பணிமனை ஒன்றுக்குத் தொலைபேசி எடுத்து, இது விசர்நாய்க்கடி நோயோ (ரேபிஸ்) என்று பரிசோதிக்க வழியிருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். கிடைத்த பதில்: "மாடுதானே. ஆழமாக் கிடங்கு வெட்டிப் புதைச்சு விடுங்கோ."

ஒரு வருடத்துக்கு முன் எனக்குச் சொல்லப்பட்டதும் இதே பதில்தான், சொல் மாறாமல். அதனால்தான் இந்த மடல்.

நான் தென்மராட்சியில் மாடு வளர்ப்பவள். என் தாயும் வளர்த்தா, மாமியும் வளர்த்தா. 95 இடப்பெயர்வில் வலிகாமத்துச் சனம் எல்லாம் எங்கள் பக்கம் வந்து நிறைந்தபோது, எங்கள் கொட்டிலில் கட்டியிருந்த இரண்டு மாட்டின் பால்தான் வளவுக்குள் இருந்த நான்கு குடும்பத்துக் குழந்தைகளுக்கும். மாடு எங்களுக்கு என்ன என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஆனால் நான் எழுதுவது மாட்டுக்காக மட்டும் இல்லை.

போன வருடம் ஆனி மாதம் ஒரு கட்டாக்காலி நாய் வேலிக்குள்ளால் வந்து எங்கள் பசு சிவலையின் தாடையில் கடித்துவிட்டு ஓடியது. சின்னக் காயம். மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசினோம், ஆறிவிட்டது. நாயை அதற்குப் பிறகு யாரும் காணவில்லை. நாங்களும் மறந்துபோனோம்.

ஆவணியில் ஒருநாள் சிவலை தீன் எடுக்கவில்லை. நாளுக்கு 7 லீற்றர் தந்த மாடு அன்று 3 லீற்றர்தான் தந்தது. பனம்பழக் காலம் என்பதால், பனங்கொட்டை தொண்டையில் சிக்கிவிட்டது என்றே எல்லோரும் நினைத்தோம். அது நடப்பதுதான். வாயால் ஒழுகியதும் அதற்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. என் கணவர் கையை முழங்கை வரைக்கும் வாய்க்குள் விட்டுத் தேடினார். பக்கத்து வளவில் கூலி வேலைக்கு வந்து நின்ற ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டார். நான் போத்தலால் மருந்து பருக்கினேன். மூன்று பேருடைய கையிலும் முள்ளும் கயிறும் கிழித்த காயங்கள் இருந்தன. மாடு வளர்க்கும் கை எப்போதும் அப்படித்தான் இருக்கும்.

விசர்நாய்க்கடி நோய் மாட்டுக்கு வந்தால் பல தடவை இப்படித்தான் தொடங்குமாம். தொண்டையில் ஏதோ சிக்கியது போல. அதனால்தான் ஆட்கள் கையை வாய்க்குள் விடுகிறார்கள், அப்படித்தான் எச்சில் காயத்தில் படுகிறது. இதை நான் அறிந்தது எல்லாம் முடிந்த பிறகு. இதை விளக்கிய ஒரு துண்டுப்பிரசுரம்கூட எங்கள் பால் சங்கத்துக்கு வந்ததில்லை.

ஐந்தாம் நாள் பின்னங்கால் தள்ளாடியது. ஆறாம் நாள் படுத்துவிட்டது. ஏழாம் நாள், வெள்ளிக்கிழமை இரவு, செத்தது. சனி காலையில் தொலைபேசி எடுத்தேன். திங்கள் வரைக்கும் யாரும் வரமாட்டார்கள், மனிதரைக் கடித்த நாயின் தலை என்றால்தான் அனுப்புவோம், மாடுதானே புதையுங்கள் என்றார்கள்.

வேறொரு பிரிவில் வேலை செய்யும் இளம் கால்நடை வைத்தியர் ஒருவர், தெரிந்தவர் மூலம் கேள்விப்பட்டு, விடுமுறை நாளிலும் பின்னேரம் வந்தார். அந்தப் பிள்ளைக்கு நான் என்றும் கடமைப்பட்டவள். அவதான் எங்களுக்கு விளங்கப்படுத்தினா. இந்த வைரசு கடித்த இடத்திலிருந்து நரம்பு வழியாக, முதுகெலும்புக்குள் ஓடும் முண்ணாணுக்கும் மூளைக்கும் ஏறுவது. இரத்தத்தில் தேடிப் பயனில்லை. "இரத்தம் எடுத்துப் பாக்க ஏலாதோ" என்று நான் கேட்டதற்கு அதுதான் பதில். மாட்டில் இதை உறுதிப்படுத்த வேண்டுமென்றால் செத்த பிறகு மூளையைத்தான் பார்க்க வேண்டும். அதிலும் மூளைத்தண்டும் சிறுமூளையும் கட்டாயம் வேண்டும். மாதிரி குளிராக இருக்க வேண்டும், அழுகக் கூடாது, இந்தச் சோதனைக்கு ஃபோமலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போடவும் கூடாது.

அதற்குத் தலையை எடுக்க வேண்டும்.

ஐயா, அம்மா, நாங்கள் சைவ வீட்டுக்காரர். சிவலை செத்த மறுநாள் மாமி அதன் நெற்றிக்குத் திருநீறு பூசி, பட்டுத்துண்டு போட்டு வைத்திருந்தா. அந்தத் தலையை வெட்டக் கேட்டோம். மாமி படலையடியில் போய் நின்று அழுதா. "பிள்ளையாய் வளர்த்த மாட்டை வெட்டக் குடுக்கிறியளோ" என்றா. பேரனின் பெயரைச் சொல்லித்தான் அவவைச் சம்மதிக்க வைத்தேன். அவனுக்கு இரண்டு வயது, அந்த மாட்டின் பால்தான் அவனுக்கு. அந்த மனுசி அன்று விட்டுக்கொடுத்தது என்ன என்பது உங்கள் எந்தப் படிவத்திலும் எழுத இடமில்லை.

சரி, தலையை எடுத்தோம். ஐஸ் மீன் சந்தையில் வாங்கினோம். றெஜிபோம் பெட்டி ஒன்றில் வைத்து, இரண்டு பொலித்தீன் பையால் சுற்றினோம். சனி பின்னேரத்திலிருந்து திங்கள் வரை நான்கு தடவை ஐஸ் மாற்றினேன். கொண்டுபோக வாகனம் இல்லை, ஆள் இல்லை. யார் கொண்டுபோவது, எந்தப் படிவத்தில் யார் கையெழுத்து வைப்பது என்பதும் ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் திங்கள் இரவு என் கணவர் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தெற்கே ஆய்வுகூடத்துக்குப் போனார். கொழும்புப் பக்கம் என்றால் சுமார் 400 கிலோமீற்றர். கண்டிப் பக்கம் என்றால் ஏ9 வீதி 321 கிலோமீற்றர். எந்தப் பக்கம் போனாலும் ஆவணி மாதத்தில் ஐஸ் தாங்காது. விடியும்போது பெட்டியிலிருந்து தண்ணீர் வடிந்ததாம், பக்கத்தில் இருந்தவர்கள் எழும்பிப் போய்விட்டார்களாம்.

19 நாள் கழித்து முடிவு வந்தது. ஒரு வரி. மாதிரி சிதைந்திருப்பதால் எதுவும் கூற இயலாது.

அந்த ஆய்வுகூடத்தில் எனக்குக் குறையில்லை. சிதைந்த மூளையில் நோய் இருக்கிறது என்று வந்தால் அதை நம்பலாம், இல்லை என்று வந்தால் நம்ப முடியாது. அந்தப் பொய்யான ஆறுதலை அவர்கள் எங்களுக்குத் தராதது நல்லதுதான். என் குறை, அந்தத் தலை சனிக்கிழமை பின்னேரம் புதிதாக இருந்தபோது அதைப் பொறுப்பெடுக்க இந்த மாகாணத்தில் எங்களுக்கு ஒரு கதவுகூடத் திறக்கவில்லை என்பதுதான்.

இனி, அந்த ஒரு வரியால் என்ன நடந்தது என்று சொல்கிறேன். ஏனென்றால் "மாடுதானே" என்று சொன்னவர் இதை அறியமாட்டார்.

நானும் கணவரும் வைத்தியசாலைக்குப் போய் எச்சில் பட்ட காயத்தைக் காட்டினோம். அங்கிருந்த வைத்தியர் பரிசோதனை முடிவு இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றதும், முடிவுக்காகப் பார்த்திருக்கக் கூடாது என்று உடனேயே ஊசியைத் தொடங்கினார். அது சரியான செயல். இந்த நோய் மனிதருக்கு வெளிப்பட்டுவிட்டால் பிறகு காப்பாற்றுவது கிட்டத்தட்ட இல்லை, அதனால் சந்தேகம் இருந்தாலே ஊசி போட வேண்டும். ஆனால் தலையைப் பிடித்த அந்தக் கூலித் தொழிலாளி வரவில்லை. "விசர் எண்டு முடிவு வந்ததோ? வரேல்லைத்தானே, பிறகு ஏன் நாலைஞ்சு நாள் வேலையை விடுவான்" என்றார். நான் மூன்று தடவை அவர் வீட்டுக்குப் போனேன். மனிதரில் இந்த நோய் வழமையாக இரண்டு மூன்று மாதத்துக்குள் வெளிப்படும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் எடுக்கும். ஆறாம் வாரத்தில்தான் என் கணவரோடு சேர்ந்து வந்து ஊசி போட்டார். அந்த ஆறு வாரமும் அவருடைய இரண்டு பெண்பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தால் வந்து, அப்பா தண்ணீர் குடிக்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையில் ஒரு தாள் இருந்திருந்தால், அதில் ஆம் என்ற ஒரு சொல் இருந்திருந்தால், அடுத்த நாளே வந்திருப்பார்.

பால் இன்னொரு கதை. வீட்டில் நாங்கள் காய்ச்சித்தான் குடித்தோம், காய்ச்சினால் இந்த வைரசு சாகும். அதனால் பேரனைப் பற்றிய பயம் தெளிந்தது. ஆனால் சுகமில்லாமல் போன முதல் நாள்களில் கறந்ததில் ஒரு செம்பு, கோயில் அபிஷேகத்துக்குப் போனது. அது பச்சைப்பால். தீர்த்தமாக எத்தனை பேர் உள்ளங்கையில் வாங்கிக் குடித்தார்களோ தெரியாது. பாலால் மனிதருக்குத் தொற்றியதாக உறுதிப்பட்ட சம்பவம் இல்லை என்று வைத்தியர் சொன்னார், ஆனாலும் விசர் பிடித்த மாட்டின் பச்சைப்பாலை யாரும் குடிக்கக் கூடாது என்றும் சொன்னார். குருக்கள் என்னிடம் வந்து, "பிள்ளை, என்ன வருத்தம் எண்டு தெரிஞ்சதோ" என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை. நான் அந்தக் கோயிலுக்குப் போவதைக் கொஞ்ச நாள் நிறுத்தியிருந்தேன்.

லண்டனில் இருக்கும் தங்கச்சி தொலைபேசியில் அழுதாள். 1986இல் இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்ட அந்தப் பைத்திய மாட்டு நோய்தான் இங்கும் வந்துவிட்டது என்று அங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது வைரசே இல்லை, புரதம் ஒன்றால் வருவது, நாய் கடித்து வருவதுமில்லை. ஆனால் எங்கள் ஊரில் "மாட்டுக்கு விசர்" என்று சொன்னதும் இரண்டும் ஒன்றாகிவிட்டது. ஒரு மாதம் எங்கள் ஒழுங்கையில் யாருடைய பாலையும் சனம் வாங்கவில்லை.

இதைவிடவும் எனக்கு வேதனை தந்தது பக்கத்துத் தோட்டக்காரருடன் வந்த சண்டை. அவர் வெங்காயத்துக்கு மருந்தடித்திருந்தார். அந்த மருந்துகளில் சிலது உடம்பில் ஏறினாலும் மாட்டுக்கு வாயால் ஒழுகும், நடுங்கும், விழும். மரவள்ளி இலை தின்றாலும் மாடு சாகும், அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பழைய பற்றரியை நக்கி ஈயம் ஏறினாலும் மூளை கலங்கும். ஆக, அவர் மருந்துதான் காரணம் என்று எங்கள் வீட்டில் ஒரு பேச்சு, மரவள்ளிக்குள் மாட்டை விட்டது நாங்கள்தான் என்று அவர்கள் வீட்டில் ஒரு பேச்சு. 30 வருடமாக ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளிய குடும்பங்கள். நடுவில் இருந்த வேலியை உயர்த்திக் கட்டினார்கள். இதைத் தீர்க்க ஒரு விரல்நுனி அளவு மூளை போதுமாயிருந்தது.

மாடு முட்டுச்சந்து, அதிலிருந்து இந்த நோய் வேறு மாட்டுக்குப் பரவுவது மிக அரிது, அதனால் அவசரமில்லை என்று ஒருவர் எனக்கு விளக்கம் தந்தார். நோய் மாட்டோடு நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் மாட்டுக்கு நோய் எங்கிருந்து வந்தது? கடித்த நாயிலிருந்து. அந்த நாய் அன்று எங்கள் சிவலையை மட்டுமா கடித்தது? மனிதருக்கு வரும் விசர்நாய்க்கடி நோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாயால்தான் என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு ஊசி போட்டால் நோய் நிற்கும் என்றும் அதுவே சொல்கிறது. எந்த ஊரில் அந்த ஊசியை முதலில் போட வேண்டும் என்பதைக் காட்டுவது எது? செத்துக் கிடக்கும் மாடுதான். கட்டாக்காலி நாய் செத்தால் பற்றைக்குள் கிடந்து காய்ந்துவிடும், யாரும் காணமாட்டார்கள். மாடு செத்தால் ஊரே காணும். கண்ணுக்கு முன் கிடந்த அந்தத் தடயத்தைத்தான் புதைக்கச் சொன்னீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, சொல்ல வாய் கூசுகிறது. புதைக்கச் சொன்னால் எல்லோரும் புதைப்பதில்லை. மாடு விழுவதற்கு முதல் நாளே கிடைத்த விலைக்கு இறைச்சிக்குக் கொடுத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். கடன் எடுத்து வாங்கிய மாடு, நட்டஈடு இல்லை, பரிசோதனை இல்லை, என்ன வருத்தம் என்று சொல்ல ஆளில்லை. அவர்களை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்த மாட்டின் தலையையும் முண்ணாணையும் வெறுங்கையால் வெட்டுகிறவரை யார் எச்சரிப்பது?

இது பழைய நோய். 1893இலேயே இந்த நாட்டில் விசர்நாய்க்கடிக்கென ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. 1973இல் ஒரே வருடத்தில் 377 பேர் இந்த நோயால் செத்த நாடு இது. அந்த எண்ணிக்கையை இவ்வளவு தூரம் கீழே கொண்டுவந்தது உங்களைப் போன்றவர்களின் உழைப்புத்தான், அதை மறுக்கமாட்டேன். 2030இல் நாயால் வரும் இந்த நோய்க்கு மனிதர் யாரும் சாகக்கூடாது என்று உலகம் இலக்கு வைத்திருக்கிறது. செத்த மாட்டைப் பரிசோதிக்காமல் அந்த இலக்கை எட்டிவிட்டோம் என்று எப்படி உறுதியாகச் சொல்லப் போகிறீர்கள்?

அதற்கான வழி கைக்கெட்டாத தூரத்தில் இல்லை. அந்த இளம் வைத்தியர் சொல்லித்தந்ததையே சொல்கிறேன். மண்டையோட்டைப் பிளக்காமல், பிடரிப் பக்கத்தில் முண்ணாண் மூளைக்குள் போகும் துவாரத்தின் வழியாக, ஒரு பிளாஸ்டிக் உறிஞ்சுகுழாயை விட்டு மூளைத்தண்டின் மாதிரியை எடுக்கலாம். உலக சுகாதார அமைப்பே விவரித்திருக்கும் முறை அது. அந்தச் சிறு மாதிரியை கிளிசரீன் கலந்த உப்புக்கரைசலில் வைத்தால் ஐஸ் தட்டுப்பாடான இடத்திலிருந்தும் அனுப்பலாம். பேணியளவு பொதிக்குள் அடங்கிவிடும். என் கணவர் ஒரு மாட்டுத் தலையை மடியில் வைத்துக்கொண்டு இரவு முழுக்க இருந்திருக்கத் தேவையில்லை.

வழமையாகச் செய்வது ஒளிர்வுச் சோதனை. மூளையைக் கண்ணாடித் தகட்டில் ஒற்றி, இந்த வைரசில் போய் ஒட்டும், மினுங்கும் பொருள் பூட்டிய பிறபொருளெதிரியை விட்டு, அதற்கான நுணுக்குக்காட்டியில் பார்த்தால் வைரசு இருக்கும் இடம் பச்சையாக மினுங்கும். சில மணித்தியால வேலை. அந்த விலைகூடிய நுணுக்குக்காட்டி இல்லாத இடத்துக்கு இன்னொரு சோதனை இருக்கிறது, சாதாரண நுணுக்குக்காட்டியிலேயே பார்க்கலாம். தான்சானியாவில் செய்து பார்த்து 2006இல் வெளியிட்ட ஆய்வில் அதன் முடிவும் ஒளிர்வுச் சோதனையின் முடிவும் ஒத்துப்போயின. உலக விலங்குச் சுகாதார அமைப்பும் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. 1978இலிருந்து மருத்துவபீடம் இருக்கும் யாழ்ப்பாணத்தில், நுணுக்குக்காட்டி பார்க்கத் தெரிந்த இவ்வளவு பேர் இருக்கும் இடத்தில், இதை ஏன் தொடங்க முடியாது?

நான் உங்களிடம் கேட்பவை இவை.

நரம்புக் கோளாறு காட்டிச் சாகும் எந்த மாட்டையும் ஆட்டையும், அது மனிதரைக் கடித்ததோ இல்லையோ, சந்தேகத்துக்குரியதாகக் கொண்டு 24 மணித்தியாலத்துக்குள் மாதிரி எடுக்க வேண்டும் என்று எழுத்தில் பணிப்புரை விடுங்கள். சனி, ஞாயிறு, போயா தினங்களுக்கும் ஒரு தொலைபேசி இலக்கமும் முறைவைத்து ஒரு வைத்தியரும் இருக்க வேண்டும். மாதிரி எடுப்பதும் அனுப்புவதும் அரசின் செலவாகவும் அரசின் வேலையாகவும் இருக்கட்டும். மாட்டுக்காரனின் கையில் கத்தியையும் பெட்டியையும் கொடுக்காதீர்கள். மாதிரி எடுக்கும் வைத்தியருக்கும் உதவியாளருக்கும் முன்கூட்டியே தடுப்பூசி போட்டு, கையுறையும் முகக்கவசமும் கொடுங்கள். அந்தப் பிள்ளை அன்று தன் காசில் வாங்கிய கையுறையோடு வந்தா.

ஒவ்வொரு கால்நடை வைத்திய பணிமனையிலும் மாதிரி எடுக்கும் குழாயும் கரைசலும் குளிர்ப்பெட்டியும் எப்போதும் இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலேயே முதற்கட்டச் சோதனையைச் செய்து, உறுதிப்படுத்துவதற்கு மட்டும் தெற்கே அனுப்பும் ஏற்பாட்டைப் பல்கலைக்கழகத்தோடும் வைத்தியசாலையோடும் பேசித் தொடங்குங்கள். இதற்கு எவ்வளவு காலம் எடுக்கும் என்று ஒரு திகதி சொல்லுங்கள்.

முடிவைத் தமிழில், கடதாசியில், மாட்டுக்காரருக்கும் அந்தப் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரிக்கும் ஒரே நாளில் கொடுங்கள். மாதிரி கிடைத்து மூன்று நாளுக்குள் கொடுங்கள். நோய் உறுதியானால் அந்த ஊர் நாய்களுக்கும், அதே பட்டியில் மிஞ்சிய மாடுகளுக்கும் அந்தக் கிழமையே ஊசி போட வாருங்கள். எங்கள் கொட்டிலில் இன்னும் இரண்டு மாடும் ஒரு நாம்பனும் நிற்கின்றன.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பமும் தனியாக அனுப்புகிறேன். கடந்த 5 வருடத்தில் யாழ் மாவட்டத்தில் நரம்புக் கோளாறோடு செத்ததாக அறிவிக்கப்பட்ட மாடுகள் எத்தனை, அவற்றில் மூளை மாதிரி அனுப்பப்பட்டது எத்தனை, முடிவு சொல்லக்கூடிய நிலையில் போய்ச் சேர்ந்தது எத்தனை என்பதே அதில் நான் கேட்பது.

கடைசியாக ஒன்று, இதற்குத் திட்டமும் பணமும் தேவையில்லை. போன கிழமை மாடு செத்த அந்த வீட்டுக்கு நாளைக்கே ஒருவரை அனுப்புங்கள். மாட்டைப் புதைத்துவிட்டார்கள். ஆனால் அதன் வாய்க்குள் கை விட்டவர்கள் ஐந்து பேர், அதில் ஒருத்தி ஏழு மாதக் கர்ப்பிணி. கர்ப்பகாலத்திலும் இந்த ஊசி போடலாம், போடத்தான் வேண்டும் என்று உங்களில் ஒருவர் சீருடையோடு போய்ச் சொன்னால் அவள் நம்புவாள். நான் சொல்லி நம்பவில்லை.

தென்மராட்சியிலிருந்து,
மாடு வளர்க்கும் ஒருத்தி